ஆம்புலன்ஸ் பையில் நலாக்சோன் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கும் நான், மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் ஊழியராக உள்ள இளைஞர் ஒருவர், போதைக்காகவும் பயன்படுத்தப்படும் ஃபெண்டானில் என்ற வலி நிவாரணியின் தூள் கையில் பட்ட அமெரிக்கக் காவலர் மயங்கி விழும் காணொளியைக் காட்டி, "சிஸ்டர், போதை ஊசி போட்டவரைத் தொட்டால் எனக்கும் இப்படி ஆகுமா?" என்று கலங்கிக் கேட்டார். அந்தக் கலக்கத்தைப் போக்கவும், இவ்வகைப் போதையால் அடங்கும் மூச்சை மீட்கும் மாற்று மருந்தான நலாக்சோன் எல்லா ஆம்புலன்ஸ்களிலும் வேண்டும் எனக் கேட்கவுமே இக்கடிதம்.

ஃபெண்டானில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வரை வீரியமுள்ளது என்பது உண்மையே. ஆனால் அது தோல் வழியே மிக மெதுவாகத்தான் உடலில் சேரும். வலி நிவாரணத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட ஃபெண்டானில் ஒட்டுப்பட்டைகூட முழுப் பலன் தரப் பல மணி நேரம் ஆகிறது. தற்செயலாகத் தொடுவதால் நச்சு ஏறும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் வல்லுநர் அமைப்புகள் 2017இலேயே அறிவித்துள்ளன. நைட்ரைல் கையுறை அணிந்து, தூள் பட்டால் சானிடைசரைத் தவிர்த்து சோப்பும் நீரும் கொண்டு கழுவி, தூள் பறக்கும் இடத்தில் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

நம் ஊழியர்களை உண்மையில் அச்சுறுத்துவது நோயாளியின் சட்டைப்பையில் மறைந்திருக்கும் ஊசிதான். இந்தியாவில் சுமார் 2.1 சதவீதத்தினர் ஓபியாய்டு வகைப் (அபின், ஹெராயின், ஃபெண்டானில் போன்ற) போதைப்பொருள்களைப் பயன்படுத்துவதாக எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அவர்களில் ஊசி வழியே ஏற்றிக்கொள்வோரும் உண்டு. ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், இயன்றால் 2 மணி நேரத்துக்குள், தொடங்க வேண்டும். இரவுப் பணியில் குத்துப்பட்டவர் எங்கே போவது, யாரை அழைப்பது என்பது ஒவ்வொரு வண்டியிலும் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முழுமையாகப் போட்ட பின்னரே ஒருவரைப் பணிக்கு அனுப்ப வேண்டும்.

அதிக அளவு போதையில் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து கிடப்பவரின் உயிர் மூச்சு நிற்பதால்தான் போகிறது. தொட அஞ்சித் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மூச்சுக்கு எதிரானது. கையால் அழுத்தும் சுவாசப் பையும் முகமூடியும் கொண்டு சுவாசம் கொடுத்து, நலாக்சோனைச் சிறிது சிறிதாக ஏற்றுவதே முறை. ஒரேயடியாக ஏற்றினால் நோயாளி திமிறி எழுவார், அப்போது ஊசிக்குத்தும் நேரக்கூடும். மருந்தின் பலன் ஒன்றரை மணி நேரத்துக்குள் தணிந்து மீண்டும் மூச்சு அடங்கக்கூடும் என்பதால், எழுந்து உட்கார்ந்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தே ஆக வேண்டும்.

கர்நாடக சுகாதாரத் துறை எல்லா ஆம்புலன்ஸ்களிலும் நலாக்சோன், நைட்ரைல் கையுறை, ஊசிகளைப் போடும் உறுதியான பெட்டி ஆகியவை இருப்பதை உறுதிசெய்து, ஊழியர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கன்னடத்துடன் தமிழிலும் அளிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
அல்சூர், பெங்களூரு