பேராண்டி பேலியில் சேருமுன்

அன்பு மகளுக்கு,

பாலோ ஆல்டோவில் வீடு அமைந்துவிட்டது என்று நீ சொன்னதும் என் நினைப்பெல்லாம் பேராண்டியின் கூடைப்பந்து மேலேயே போய்விட்டது. அந்த ஊரில் பேலி (பாலோ ஆல்டோ ஹை ஸ்கூலை அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள்), கன் என்று அரசு உயர்நிலைப்பள்ளிகள் இரண்டு. உங்கள் தெரு பேலியில் வருவது அவன் அதிர்ஷ்டம்.

1898-ல் தொடங்கிய பள்ளி அது. 1918 முதல் எல் கமினோ ரியலும் எம்பர்காடெரோ ரோடும் சேரும் மூலையில் இருக்கிறது. எதிர்ப்புறம் ஸ்டான்ஃபோர்ட், பின்னால் கால்ட்ரெயின் தண்டவாளம். அவன் சைக்கிளில் சர்ச்சில் அவென்யூ கேட்டைத் தாண்டி வருவதானால் ஒன்றைச் சொல்லி வை: அங்கே தண்டவாளம் இரண்டு. ஒரு ரயில் போன கையோடு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வரலாம். கேட் முழுவதும் மேலே ஏறிய பிறகுதான் பெடலை மிதிக்க வேண்டும்.

2006-ல் மாநில இறுதிப் போட்டியில் மேட்டர் டே பள்ளியை 51-47 என்று வென்ற பேலி அணியின் கேப்டன் ஜெரமி லின். பிற்பாடு என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீகுக்குப் போனாரே, அவரேதான். பேலி அணியின் பச்சை வெள்ளைச் சட்டை போட அவன் துடிப்பது நியாயம்தான்.

ஆனால் சட்டைக்கு முன்னால் காகிதம் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு வேறு பள்ளியிலிருந்து வருவதால் அவன் 'டிரான்ஸ்ஃபர்' மாணவன். கலிஃபோர்னியாவில் பள்ளி விளையாட்டை நடத்தும் சி.ஐ.எஃப். அமைப்பு, குடும்பம் மொத்தமும் வீடு மாறியதா என்று பார்க்கும். மாப்பிள்ளை டிசம்பர் வரை ஹூஸ்டன் வீட்டிலேயே இருப்பார் என்றாயே, எனக்கு உறுத்துவது அதுதான். பழைய வீட்டில் ஒருவர் தங்கினாலும் இடமாற்றம் செல்லாது என்று ஆகலாம். அப்படி ஆனால் சீசனில் பாதி வரை அவன் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். அல்லது ஒரு வருஷம் வார்சிட்டி என்ற முதல் அணியில் இடம் கிடையாது, ஜே.வி. என்ற இரண்டாம் நிலை அணி மட்டும்தான். மறைத்து எழுதலாம் என்று யார் யோசனை சொன்னாலும் கேட்காதே. பொய்த் தகவலுக்கு 24 மாதம் வரை தடை போடுவார்கள். டிரான்ஸ்ஃபர் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரான அத்லெடிக் டைரக்டரிடம் இப்போதே மெயிலில் கேள். வாய்வார்த்தை போதாது.

சேருமுன் கோச்சுக்கு ஃபோன் செய்வது, பயிற்சிக்குப் போய் நிற்பது எதுவும் வேண்டாம். அப்படிப் பேசியிருந்தால் படிவத்தில் சொல்லியாக வேண்டும். அணிக்காகப் பள்ளி ஆள் பிடித்ததாகச் சந்தேகம் வந்தால் மாட்டிக்கொள்வது அவன்தான்.

மார்க் விஷயம்: முந்தைய பருவத்தில் ஜி.பி.ஏ. (4.0 அளவில் போடும் மார்க் சராசரி) 2.0-க்குக் குறையக் கூடாது. ஹூஸ்டன் பள்ளியின் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மார்க் சான்று, முத்திரையோடு கையில் இருக்கட்டும். சீசன் நடக்கும்போது வெளி கிளப்பில் கூடைப்பந்து ஆடினால் பள்ளி ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். கிளப் கோச்சிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு.

டாக்டர் கையெழுத்திட்ட உடல்தகுதிப் படிவம் இல்லாமல் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கே சேர்க்க மாட்டார்கள். அது வருஷா வருஷம் வேண்டும். பள்ளி திறக்கிற ஆகஸ்டில் எல்லாரும் டாக்டரிடம் ஓடுவார்கள், நீ ஜூலையிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடு. 'அணிக்கு நன்கொடை' என்று தாள் வந்தால் பயப்படாதே. அரசுப் பள்ளி அதைக் கட்டாயமாக்க முடியாது. முடிந்தால் கொடு, கொடுக்காததற்காக அவனை அணியிலிருந்து எடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு டிசம்பர் விஷயம் என்ன ஆயிற்று என்று இந்த வாரமே சொல்லு கண்ணு.

அன்புடன்,
அப்பா