கொலையாளி எப்போது தலைகாட்ட வேண்டும்?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக் காம்பிராவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் அப்பாவுக்குக் கொலைக் கதைகள் வாசித்துக் காட்டி வளர்ந்தவள் நான். பாதியில் நிறுத்தச் சொல்லி, "யார் செய்திருப்பான், சொல்லு புள்ள" என்பார். சொல்ல முடிந்தது. துப்பெல்லாம் கதைக்குள்ளேயே கிடந்தது. கொலையாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்று ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நொக்ஸ் 1929இல் விதியே எழுதிவைத்தார்.

இப்போதைய கதைகள் பல, ஏன் கொன்றான் என்று அவன் மனதுக்குள் போகின்றன. அதுவும் எனக்குப் பிடிக்கும். பழைய கதைகளில் செத்தவருக்காக அழ ஆள் இருப்பதே அபூர்வம். ஆனால் அண்மையில் வாசித்த ஒன்றில், கடைசிப் பத்தியில் எங்கிருந்தோ ஒரு தம்பி வந்து கொலையாளி ஆகிறான். அது வாசகரை ஏமாற்றுவது. அப்படியான கதைகளைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள், ஐயா.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
அட்டன்.