ஏழாம் அதிகாரம்

அன்புள்ள மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நீ போன வாரமும் கூப்பிடவில்லை. வேலை இருக்கும், சரி.

பாடகர் குழுவில் இந்த முறையும் டெனர் பாட ஆண்குரல் இல்லை. சோப்ரானோவில் பெண்பிள்ளைகள் தோள் இடிக்க நிற்கிறார்கள். பாஸுக்கு நானும் உன் பெரியப்பாவும்தான். டெனர் வரியை ஆல்டோ பாடும் பெண்பிள்ளைகள் சிலர் தொண்டையைத் தாழ்த்திப் பாடிச் சமாளிக்கிறார்கள். வாலிபர் கூட்டமும் அப்படித்தான்: பெண்பிள்ளைகள் அறை நிறைய, பையன்கள் ஒரு பெஞ்சுக்குக் காணாது.

நம் சபையில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் பல நாடுகளில் எடுத்த கணக்கை 2016-ல் வெளியிட்டது. வாராவாரம் ஆலயம் போகிறவர்கள் கிறிஸ்தவப் பெண்களில் 53 சதவீதம், ஆண்களில் 46. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் கல்யாண வயது, கல்யாணம் ஆகாதவன், ஜெபிக்கிறவன் என்று ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டே வந்தால் யார் மிஞ்சுகிறார்கள்? பைபிளில், பிலிப்பி ஊரில் அப்போஸ்தலன் பவுல் ஆற்றங்கரைக்கு ஜெபிக்கப் போனபோதும் அங்கே கூடியிருந்தது பெண்கள்தானே.

நான் கொண்டு வந்த அந்த வரனிடம், ‘ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்?’ என்று நீ கேட்டாய். ‘நன்றாகத் தூங்குவேன்’ என்றான். அதோடு பேச்சை முடித்துவிட்டாய். அம்மா அழுதாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், ஆயரிடம்கூடச் சொன்னேன். அதே கேள்வியை நீ இப்போதும் கேட்கிறாயா என்று... சரி, விடு.

பெண்களைப் பார்த்தே ‘காத்திரு, காத்திரு’ என்று பிரசங்கம் நடக்கிறது. ஜெபக்கூட்டம் முடிகிறவரை வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் பையன்களை உள்ளே கூப்பிட யாரும் இல்லை. மகன் வேறு மதத்தில் பெண் எடுத்தால், மருமகள் ஞானஸ்நானம் எடுத்தாள் என்று கைதட்டும் சபை, மகள் விஷயத்தில் மட்டும் அவிசுவாசியைக் கட்டாதே என்று வசனத்தைத் தேடி எடுக்கிறது. எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அதற்காக வசனம் பொய்யாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பவுல் எழுதிய கொரிந்தியர் முதல் நிருபம் ஏழாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். விதவை மறுபடி கல்யாணம் செய்தாலும் கர்த்தருக்குட்பட்டவனைத்தான் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அவிசுவாசியான புருஷன் கூட வாழச் சம்மதித்தால் அவனை விட்டுப் போகாதே என்று பதின்மூன்றாம் வசனம் சொல்கிறது. அது ஏற்கெனவே மணமானவர்களுக்கு. நீ அதைக் காட்டுவாய் என்று தெரியும், அதனால்தான் முந்திக்கொள்கிறேன். தனியாக இருப்பதும் நல்லது என்று அதே அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். உன் சின்ன அத்தையை நினைத்துக்கொள். இல்லை, அவளை நினைக்க வேண்டாம். உன் அம்மா அடிக்க வருவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ஜெபத்தை விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ போனில் பேசும்போது ஒரு பெயர் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. இப்போது வருவதில்லை. வந்துகொண்டிருந்தபோதுகூட நான் இவ்வளவு கவலைப்படவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் என் நம்பருக்கே கூப்பிடு. ஸ்பீக்கரில் போட மாட்டேன்.

அப்பா