என் கண் முன்னால் பாருங்கள், அப்புறம் விலையைக் குறையுங்கள்

பழைய போனை எடுத்துக்கொண்டு புதுப் போன் தரும் நிறுவனங்களுக்கும், அவர்களுக்காகப் பழைய போனைச் சோதித்து மதிப்புப் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நாலு வருஷம் கையில் வைத்திருந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு ஒன்று வாங்கினேன். உங்கள் தளத்தில் கேட்ட கேள்விகளுக்கு ஒன்றுவிடாமல் உண்மையான பதிலைத்தான் சொன்னேன்: போன் ஆன் ஆகிறது, டிஸ்ப்ளே உடையவில்லை, பின்பக்கம் ஒரு மூலையில் பெயிண்ட் போயிருக்கிறது, சார்ஜ் முன்போல நிற்பதில்லை. அதற்கெல்லாம் கழித்துக்கொண்டுதான் ஒரு தொகையைக் காட்டினீர்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். பெட்டி வந்தது, போனை உள்ளே வைத்து ஒட்டி அனுப்பினேன். 11 நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சோதனையில் திரையில் விரிசல் கண்டறியப்பட்டதாம், அதனால் மதிப்பைத் திருத்தியிருக்கிறார்களாம். திருத்திய மதிப்பு முதலில் சொன்னதில் கால் பங்குகூட இல்லை.

என் போனில் விரிசல் இல்லை. வாங்கிய அன்றே டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிய போன் அது. அனுப்புவதற்கு முந்தின இரவு அதை நகத்தால் மெல்லப் பிரித்து எடுத்து, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் திரையைத் துடைத்து, மேசை விளக்குக்கு அடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். வலது ஓரத்தில் முடி அளவுக்கு இரண்டு கீறல் இருந்தது. விரலை வைத்துத் தடவினால் தட்டுப்படாத கீறல். அவ்வளவுதான்.

ஆதாரம் கேட்டேன், ஒரே ஒரு படம் அனுப்பினார்கள். திரை அணைந்த ஒரு போன், மேல் மூலையிலிருந்து பாதி வரைக்கும் ஓடும் ஒரு கோடு, சாம்பல் நிற மேசை, கையுறை போட்ட இரண்டு விரல்கள். பின்பக்கம் தெரியவில்லை, அதனால் என் போனின் பெயிண்ட் போன மூலை அதில் இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் எங்கேயும் இல்லை. அதே மாடல் போன் ஒரு நாளைக்கு எத்தனை உங்கள் மேசைக்கு வரும்? அந்தப் படத்தில் இருப்பது என் போன்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. வழியில் பெட்டி எங்காவது விழுந்து உடைந்திருக்கலாம். உங்கள் இடத்தில் பிரிக்கும்போது யார் கையிலிருந்தாவது நழுவியிருக்கலாம். வேறு யாருடைய போன் படமோ என் கணக்கில் ஏறியிருக்கலாம். இந்த மூன்றில் எது நடந்தது என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை, உங்களிடம் எல்லா வழியும் இருக்கிறது. போன் என் கையை விட்டுப் போன நிமிஷத்திலிருந்து சாட்சி, நீதிபதி, வாங்குகிறவர் மூன்றும் நீங்களே ஆகிவிடுகிறீர்கள். இந்த மடல் அதைப் பற்றித்தான்.

வேண்டாமென்றால் போனைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமே என்று கஸ்டமர் கேரில் பேசியவர் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். புதுப் போன் ஏற்கெனவே என் கையில், என் எண்ணையும் அதற்கு மாற்றியாகிவிட்டது, எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடியைக் கழித்துத்தான் பில் போட்டிருக்கிறீர்கள். பழையதைத் திருப்பிக் கேட்டால் தள்ளுபடி முழுவதும் என் கார்டிலிருந்து போகும். திரும்பி வரப்போவதோ, எல்லாம் அழித்துவிட்டு அனுப்பிய, இப்போது விரிசல் விட்டதாகச் சொல்லப்படுகிற ஒரு போன். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? அப்புறம் கெடு. 7 நாளுக்குள் நான் பதில் சொல்லாவிட்டால் திருத்திய மதிப்பை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்களாம். நீங்கள் பார்க்க 11 நாள், நான் மறுக்க 7 நாள், அதிலும் நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே சம்மதம் என்று கணக்கு.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நல்ல போன் என்று சொல்லிவிட்டு உடைந்ததை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். திருட்டுப் போனைத் தள்ளிவிடப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐபோனில் 2013லும் ஆண்ட்ராய்டில் 2015லும் கணக்குப் பூட்டு (சொந்தக்காரரின் கணக்கும் கடவுச்சொல்லும் இல்லாமல் போனைத் திறக்க விடாத பூட்டு) வந்தது திருட்டைத் தடுக்கத்தான், ஆனால் போனிலிருந்து தன் கணக்கை நீக்காமல் ஒருவர் அனுப்பிவிட்டால் அந்தப் பூட்டு உங்கள் மேசையில் வந்து நிற்கும், திறக்க முடியாத போனை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்கு மதிப்பைக் குறைத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். பேட்டரி வீங்கிய போனை எடுக்க மாட்டோம் என்பதும் சரிதான், தீப்பிடித்தால் ஒரு பெட்டியோடு போகாது. இதெல்லாம் காரணமுள்ள மறுப்பு. இரண்டு பக்கமும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய மறுப்பும்கூட. பூட்டு இருக்கிறதா இல்லையா என்பதில் வாதமே வராது, திரையிலேயே எழுதிக்காட்டும்.

வாதம் வருவதெல்லாம் கண்ணால் அளக்கிற விஷயத்தில். 'நல்ல நிலை', 'சுமாரான நிலை', 'சிறு கீறல்கள்', 'அதிகக் கீறல்கள்' என்று நாலு கட்டம் வைத்திருக்கிறீர்கள். சிறு கீறல் என்றால் என்ன? எத்தனை மில்லிமீட்டர்? திரை எரியும்போது தெரிய வேண்டுமா, அணைந்திருக்கும்போது தெரிந்தாலே போதுமா? உங்கள் ஆள் எவ்வளவு வெளிச்சத்தில் பார்க்கிறார்? நான் வீட்டு விளக்கில் பார்த்து சிறு கீறல் என்று குறித்ததை, நீங்கள் வெள்ளை வெளேர் விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தால் அது பெரிய கீறல்தான். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறோம், பணம் மட்டும் என் பக்கத்திலிருந்து போகிறது.

எண்ணில் சொல்ல முடியாது என்று சொல்லாதீர்கள். பேட்டரியின் நிலையைச் சதவீதமாக செட்டிங்ஸிலேயே காட்டுகிற போன்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20லிருந்து ஒரு விதி அமலில் இருக்கிறது, புதிதாகச் சந்தைக்கு வரும் போனின் பேட்டரி 800 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் குறைந்தது 80 சதவீதம் கொள்ளளவு வைத்திருக்க வேண்டும் என்று. கீழே விழுந்தால் தாங்குவதற்கும் கீறலைத் தாங்குவதற்கும்கூட அதே விதியில் அளவு வைத்திருக்கிறார்கள். விற்கும்போது எண்ணில் பேச முடிகிற பொருளைத் திருப்பி வாங்கும்போது மட்டும் 'சுமார்' என்று பேசுவது ஏன்?

வீட்டுக்கே வந்து பார்த்து எடுத்துப்போகிற முறையிலும் குறையில்லாமல் இல்லை. போன வருஷம் அண்ணன் தன் போனைக் கொடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வந்த பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். கவரைக் கழற்றச் சொன்னான், ஐஎம்இஐ எண்ணைத் தன் ஆப்பில் ஏற்றினான், திரையை வெள்ளையாக்கி ஓரங்களைப் பார்த்தான், சார்ஜர் குத்தும் இடத்தில் டார்ச் அடித்தான், கேமராவைத் திறந்து சுவரைப் படமெடுத்தான். சிம் ட்ரேயை வெளியே இழுத்து, உள்ளே தண்ணீர் பட்டால் சிவக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கரையும் எட்டிப் பார்த்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பின்பக்கக் கண்ணாடியில் ஒரு சில்லு போயிருந்ததை அண்ணனே கவனித்திருக்கவில்லை. அவன் அதை விரலால் காட்டினான், அண்ணன் குனிந்து பார்த்தான், ஆமாம் என்றான். ஆப்பில் தட்டியதும் மதிப்பு குறைந்தது. அண்ணனுக்கு முகம் சுருங்கியது, ஆனால் மறுபேச்சு இல்லை, கண்ணெதிரே இருக்கிறதே. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்துவிட்டான். குறை ஒன்றே ஒன்றுதான்: ஏன் இவ்வளவு குறைந்தது, ஒரு சில்லுக்கு எவ்வளவு என்று அண்ணன் கேட்டபோது அந்தப் பையனால் பதில் சொல்ல முடியவில்லை. ஆப்புதான் சொல்லுது அண்ணா என்றான். கணக்குப் போட்டது நீங்கள், வாசலில் நின்று திட்டு வாங்குவது அவன். அந்தக் கணக்கை அவன் கையில் உள்ள திரையிலேயே காட்டிவிடுங்கள், சில்லுக்கு இவ்வளவு, பேட்டரிக்கு இவ்வளவு என்று. இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: வாசலுக்கு வருகிறவரிடம் கத்தாதீர்கள், அவர் கையில் ஒன்றும் இல்லை.

நேரில் வர முடியாத இடங்களுக்குப் பெட்டிதான் வழி என்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் நேரில் நிற்பதற்குச் சமமாக எதையாவது கொடுங்கள். நான் ஒட்டி அனுப்பிய பெட்டி உங்கள் மேசைக்கு வந்ததும், ஒட்டு பிரிக்காமல் இருப்பதிலிருந்து ஆரம்பித்து, பிரித்து, போனை எடுத்து, ஆன் செய்து, *#06# அடித்து ஐஎம்இஐ எண் தெரிகிற வரைக்கும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும், இரண்டு நிமிஷமா? மதிப்பு குறையாத போன்களுக்கு அந்த வீடியோவை யாரும் கேட்கப்போவதில்லை. குறைக்கிறீர்கள் என்றால் அந்த மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்புங்கள். அந்த 15 இலக்கம் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் மாறாது, அதனால்தான் திருட்டுப் போனைப் பிடிக்க உலகம் முழுக்க அதையே நம்புகிறார்கள். என்னைச் சந்தேகப்பட அந்த எண் உங்களுக்கு உதவுகிறது அல்லவா? உங்களை நான் நம்பவும் அதே எண் உதவட்டும்.

வீடியோவில் பெட்டி பிரிக்காமல் நல்லபடியாக இருந்து, உள்ளே போன் உடைந்திருந்தால்? பெட்டியும் அதன் மெத்தையும் நீங்கள் அனுப்பியவை, எடுத்துப்போனதும் நீங்கள் ஏற்பாடு செய்த கூரியர். ஒட்டுவதற்கு முன் எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது. அந்த நிலையில் நஷ்டம் என் தலையில் விழக்கூடாது. கூரியர்காரரோடு பேசி வாங்கிக்கொள்ள வேண்டியவர் நீங்கள், என்னால் அவர்கள் வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

அப்புறம் அந்தக் கெடு. மதிப்பைக் குறைத்த அன்றே நாள் எண்ண ஆரம்பிக்காதீர்கள், ஆதாரம் என் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். நான் பதில் சொல்லாமல் இருந்தால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர், மின்னஞ்சல் ஸ்பாமில் போய்ச் சேர்ந்தவர், மகன் வாங்கிக் கொடுத்ததால் எந்த மின்னஞ்சல் முகவரி கொடுத்தோம் என்றே தெரியாத பெரியவர், இவர்களெல்லாம் சம்மதித்தவர்கள் இல்லை. நான் மறுத்தால் பழைய போன் உங்கள் செலவில் திரும்பி வரட்டும், தள்ளுபடித் தொகையைக் கட்ட எனக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். தள்ளுபடியை 24 மாதம், 36 மாதம் என்று பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிற ஏற்பாடு என்றால், நடுவில் விலகினால் மிச்சம் போய்விடும் என்பதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள், கீழே பொடி எழுத்தில் ஒளித்து வைக்காதீர்கள்.

நீங்கள் விளம்பரத்தில் பூமியைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கும் அதில் அக்கறை உண்டு. 2022இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா.வின் அறிக்கை. என் அலமாரி இழுப்பறையில் மூன்று பழைய போன் கிடக்கிறது. அதில் ஒன்றையாவது உங்களுக்கு அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது அனுப்ப மனசு வரவில்லை. இப்படி எத்தனை வீட்டு இழுப்பறையில் எத்தனை போன் கிடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். 7 நாள் கெடுவுக்குள், ஐந்தாவது நாளே, திருத்திய மதிப்பை ஏற்கவில்லை என்று எழுதிவிட்டேன். ஒட்டுவதற்கு முன் எடுத்த வீடியோவும், அந்த மூலையின் படமும், ஐஎம்இஐ எண்ணும் உங்களிடம் இருக்கின்றன. அதற்குப் பிறகு வந்த மூன்று பதிலிலும் 'எங்கள் நிபுணர் குழுவின் முடிவே இறுதியானது' என்ற அதே வரி. நான் நிபுணர் குழுவின் முடிவைக் கேட்கவில்லை. சாம்பல் மேசையில் வைத்துப் படமெடுத்த அந்தப் போனைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மூலையில் பெயிண்ட் போயிருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.