கேளாமல் இருந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கொழும்பின் தமிழ்மொழிப் பாடசாலைகளில், தரம் 12 மாணவர் கீழ்வகுப்புப் பிள்ளைகளைத் தனியே சந்தித்துச் செவிகொடுக்கும் சக மாணவர் வழிகாட்டலுக்கு இடமும் நேரமும் ஆளும் தந்த எல்லோருக்கும் இந்த மடல். பிரம்பு கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை சொன்னது. 12/2016 சுற்றறிக்கை திரும்பவும் சொன்னது. ஆசிரியர் மாணவனை அறைந்தது, சித்திரவதையையும் இழிவாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று 2021 இல் உச்ச நீதிமன்றமும் தீர்த்தது. பிரம்பு இருந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் ஆசிரியர் அறைகளில் இன்னும் ஓயாத பேச்சு.

முதல் நன்றி அதிபர்களுக்கும் பகுதித் தலைவர்களுக்கும். அறை தந்தீர்கள், கதிரை தந்தீர்கள். அவற்றைவிடப் பெரிது, “அவன் உன்னட்ட என்ன சொன்னவன்?” என்று வழிகாட்டியை ஒருநாளும் கேளாமல் இருந்தது. இந்த ஏற்பாடு படுத்துப்போவதென்றால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு வழிகாட்டி ஒரேயொரு முறை வாய் திறந்தால் போதும், இடைவேளை முடியுமுன் தரம் 8 முழுவதும் அறிந்துவிடும். அதன்பின் அவர் பட்ஜ் குத்தாத மாணவர் தலைவர். எந்தப் பிள்ளையும் உண்மை பேசாது. அதனால்தான் பதிவேட்டில் மூன்றே நிரல்கள்: திகதி, வந்தாரா, அடுத்த சந்திப்பு எப்போது. பேசியது எதுவும் எழுதப்படாது.

இந்த இரகசியத்துக்கு விலக்குகளும் மூன்று. பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்துவது, பெரியவர் ஒருவர் பிள்ளையைத் துன்புறுத்துவது, இன்னொருவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து. இவற்றை மறைக்க முடியாது என்பதை முதற் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். அப்படி ஏதும் வெளிவந்தால் அன்றைக்கே ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்குத் தெரியவேண்டும். தேவையானால் அவர் சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு அழைப்பார். வழிகாட்டியின் வேலை அத்தோடு சரி, துப்புத் துலக்கப் போகக்கூடாது. பிற்பகல் இரண்டு மணிவரை காத்திருந்து இந்தச் செய்திகளை வாங்கிக்கொண்ட ஆசிரியர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

தரம் 12 மாணவருக்கு அடுத்த நன்றி. தரம் 11க்கு சாதாரண தரப் பரீட்சை, தரம் 13க்கு உயர்தரம், எஞ்சுவது நீங்கள்தான். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்கிறோம். வாரம் ஒருமுறை 25 நிமிடம், ஒரு தவணைக்குப் பத்துச் சந்திப்பு. சனி, ஞாயிறு ரியூசன் விழுங்கிவிடுவதால் பயிற்சியைப் பாடசாலை விட்டபின் நான்கு பிற்பகல்களில் முடிக்கிறோம். பரிசு வாங்கியவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காத வகுப்பாசிரியர்களுக்கும் இங்கே ஒரு வணக்கம். தரம் 8இல் வகுப்புக்கு வெளியே முழங்காலில் நின்ற ஒருவர், பயிற்சியின் இரண்டாம் நாளிலேயே மற்றவர்களை மிஞ்சிவிடுவார்.

பயிற்சியில் அதிக நேரம் போவது ஒரு சொல்லை விடுவதற்கு: ‘ஏன்’. “ஏன் பிந்தினாய்?” என்றால் பொய் வரும், அல்லது தலை குனியும். “காலையில என்ன நடந்தது?” என்றால் கதை வரும். நடிப்புப் பயிற்சிக்கான அட்டை ஒன்று இப்படி: முகத்துவாரத்திலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் பிள்ளை, வாரத்தில் மூன்று நாள் பிந்துகிறது. வாசலில் நிறுத்தினால் முதற் பாடம் போகிறது. கணக்கு விளங்காததால் அடுத்த நாள் இன்னும் மெதுவாக வருகிறது. வழிகாட்டியாக நடிப்பவர் “அதுக்குப் பிறகு?” என்று மட்டும் நான்கு தடவை கேட்க வேண்டும். நான்காவது பதிலில்தான் தங்கையைக் கொட்டாஞ்சேனையில் விட்டுவிட்டு வரும் சங்கதி இருக்கிறது. பெரும்பாலானோர் இரண்டாவது பதிலிலேயே புத்திமதி தொடங்கிவிடுகிறார்கள்.

சண்டை, பொருள் உடைப்பு என்றால் கேள்விகள் நான்கு: என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, யாருக்கு என்ன பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்யலாம். கடைசிக் கேள்விக்கு “சொறி சொல்லுறன்” என்பது பதிலாகாது. உடைந்த யன்னல் கண்ணாடிக்கு அப்பா காசு கட்டினால் பிள்ளை எதையும் செய்யவில்லை. கண்ணாடி மாற்றுபவரோடு நின்று பிடித்துக் கொடுத்தால் செய்திருக்கிறது. அதற்குச் சம்மதித்த பாடசாலை ஊழியர்களுக்கும் நன்றி. ஒரு பையனைப் பக்கத்தில் வைத்து வேலை செய்வது சுலபமல்ல.

வீட்டில் சிங்களமும் பாடசாலையில் தமிழும் பேசுகிற பிள்ளைகள் நம் வகுப்புகளில் குறைவில்லை. கோபத்தில் எந்த மொழி வருகிறதோ அந்த மொழியிலேயே பேச விடுங்கள்.

எல்லாவற்றையும் இதற்குள் தள்ளக்கூடாது. போதைப்பொருள், ஆயுதம், பாலியல் தொல்லை மூன்றும் பெரியவர்கள் பொறுப்பு. பகிடிவதைக்கு ஆளான பிள்ளை விரும்பாதபோது, வதைத்தவரை எதிரில் இருத்துவது இன்னொரு தண்டனை, அதுவும் தப்பான ஆளுக்கு. குழப்படிக்காரர் பத்துப் பேரை ஒரு குழுவாக்கி ஒரே அறையில் இருத்துவதும் வேண்டாம்; ஒருவர் குறும்புக்கு மற்றவர்கள் சிரித்தே அதை வளர்த்துவிடுவார்கள். அமெரிக்க உளவியலாளர் தோமஸ் டிஷனும் சகாக்களும் 1999 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை எச்சரித்ததும் இதைத்தான். வழிகாட்டி இடைநடுவில் விட்டுப்போவது அதைவிட மோசம். ரியூசன் நேரம் மாறினாலும், பத்தாவது சந்திப்புக்கு முன் விடுவதென்றால் நேரில் வந்து சொல்லிவிட்டுத்தான் விடவேண்டும்.

சோடி சேர்க்கும்போது ஒரே பாடசாலை வானில் வருபவர்களையும் ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவர்களையும் பிரித்துவைக்க வேண்டும். வான் சாரதிகள் சிலர் பெயர்ப்பட்டியலைத் தாங்களே எழுதித் தந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

கடைசியாக நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு நன்றி, கூடவே ஒரு விண்ணப்பம். கண்ணாடிக் கதவருகே, ஆள் தெரிந்து பேச்சுக் கேளாத மூலையில், நேர்க்கு நேராக அன்றிச் சற்றுச் சரித்துப் போட்ட இரண்டு கதிரைகள் இருக்கின்றன. பரிசளிப்பு விழாவுக்குக் கதிரை போதாதென்று அவற்றைத் தூக்கிவிட வேண்டாம். போன முறை அவை திரும்பிவர மூன்று வாரம் எடுத்தது.

அன்புடன்,
சக மாணவர் வழிகாட்டல் பயிற்றுநர்கள்,
கொழும்பு