வாரிசுகளிடமிருந்து தொடங்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தியை அக்காவிடம் சொன்னேன். அவர் மறுநாளே பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் அவளுடைய பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். இங்கே எல்லோரும் நலம். வாடை தொடங்கிவிட்டதால் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிட்டார்கள், மீனுக்கு யானை விலை குதிரை விலை சொல்கிறார்கள், பென்சன் எடுத்தவனுக்கு மழை நாளில் வேறென்ன வேலை என்று நானும் மருமகனோடு சேர்ந்து பிளேஸ்டேஷன் முன்னால் குந்திவிடுகிறேன்.

உன் மகன் ‘தி திங்’ என்ற திகில் படத்தைப் போட்டுக் காட்டி, இதற்கெல்லாம் மூலவர் லவ்கிராஃப்ட்தான் என்று சொன்னதாகவும், அந்த மனிதரை எந்தக் கதையிலிருந்து வாசிக்கத் தொடங்குவது என்றும் கேட்டிருந்தாய். அவரிடமிருந்து தொடங்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். அவர் வழியில் பின்னால் வந்த வாரிசுகளிடமிருந்து தொடங்கு, அவர்களில் பலர் மூலவரைவிடக் கெட்டிக்காரர்கள்.

அதற்காக அவருக்குரிய மரியாதையைக் குறைக்கவில்லை. எச். பி. லவ்கிராஃப்ட் 1890இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். மலிவு விலைச் சஞ்சிகைகளுக்கு எழுதி, சொல்லத்தக்க புகழோ பணமோ காணாமல், 1937இல் நாற்பத்தாறு வயதில் இறந்துபோனார். ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதிய மனிதர் என்பதால் எனக்கு அவர்மீது ஒரு தனிப் பாசமும் உண்டு. அவர் செய்த புதுமை எதுவென்று நம் ஊர்ப் பேய்க்கதைகளோடு வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். நம்முடைய கொத்திக்கும் முனிக்கும் மோகினிக்கும் மனிதரிடம் தீர்க்க ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது; மடை வைத்தோ, நூல் கட்டியோ, நேர்த்தி வைத்தோ அதைப் பேசி முடித்துக்கொள்ளலாம். லவ்கிராஃப்டின் பிறவிகளுக்கு நம்மோடு எந்தக் கணக்கும் இல்லை. 1928இல் வெளிவந்த ‘தி கால் ஆஃப் கதுல்ஹு’ கதையில் பசிபிக் கடலடி நகரத்தில் உறங்கும் கதுல்ஹு யாரையும் பழிவாங்குவதற்காக எழுவதில்லை. அது எழும் நேரத்தில் நாம் அதன் வழியில் நிற்கிறோம், அவ்வளவுதான். கோபம்கூட இல்லாத அந்த அலட்சியத்தை, பேரண்டத்தின் பரப்பில் மனிதன் ஒரு பொருட்டே இல்லை என்ற எண்ணத்தைக் கதையாக்கிக் காட்டியதற்காக அவருக்கு எத்தனை கும்பிடும் போடலாம். காஸ்மிக் ஹாரர், அதாவது பேரண்டத் திகில், என்று இன்று சொல்லப்படும் வகை முழுவதும் அந்த ஊற்றிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அவரை நேரே வாசிக்கும்போது இரண்டு இடைஞ்சல்கள் வரும். முதலாவது சிறியது: சொல்லில் அடங்காதது, பெயரிட முடியாதது என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார், ஓரளவுக்குமேல் அச்சம் போய்க் கொட்டாவி வந்துவிடுகிறது. இரண்டாவது அவருடைய மனிதர் வெறுப்பு. கதுல்ஹுவை வணங்குபவர்கள் யாரென்று பார்த்தால், கலப்பினத்தவர்களும் கறுப்பர்களும் தூரதேசத்து மாலுமிகளும் சதுப்பு நிலத்து ஏழைகளும். அந்தக் கதையில் உனக்கும் எனக்கும் இடமிருந்திருந்தால், துறைமுகத்து இருட்டில் கூடிநின்று புரியாத மொழியில் மந்திரம் முணுமுணுக்கும் கூட்டத்தில்தான் நம்மையும் நிறுத்தியிருப்பார். நியூயோர்க்கின் புரூக்ளினில் குடியிருந்த காலத்தில், 1925இல், அயலில் வாழ்ந்த குடியேறிகளைக் கண்டு அருவருத்து ‘தி ஹாரர் அட் ரெட் ஹுக்’ என்றொரு கதையே எழுதினார். இதே மனிதர், 1936இல் அச்சேறிய ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ நெடுங்கதையில், அந்தார்க்டிக் பனிக்கடியில் கண்டெடுக்கப்பட்ட வேற்றுலகப் பிறவிகளைப் பற்றி, இவையும் மனிதர்களே, நம்மைப் போல அறிய விரும்பியவர்களே என்று மனம் இளகிச் சொல்கிறார். நட்சத்திரத்திலிருந்து வந்த பிறவிக்குக் கிடைத்த இரக்கம் பக்கத்துத் தெருக்காரனுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

கடலடி நகரம் என்றதும் நீ எதை நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். 1620களில் போர்த்துக்கேயர் நம் ஊர்க் கோணேசர் கோயிலை இடித்துத் தள்ளியதில், செதுக்கிய கற்கள் சுவாமிமலையின் அடிவாரத்தில் கடலுக்குள் கிடந்தன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் அங்கே மூழ்கி அவற்றைப் பார்த்தார்கள், அடுத்த ஆண்டே கிளார்க் அதைப் புத்தகத்திலும் எழுதினார். கடலடியில் கிடக்கும் கற்கட்டடம் லவ்கிராஃப்டுக்கு அச்சத்தின் உச்சம். சம்பந்தர் பாடிய குரைகடல் ஓரத்தில் பிறந்த நமக்கோ அது தொலைந்துபோன நம்முடைய பொருள். வெளியே வந்தால் ஊரே கூடி வரவேற்கும். ஒருவருடைய திகில் எல்லோருடைய திகிலும் ஆகாது என்பதற்கு நம் ஊரைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இன்னொரு சுவையான சேதியும் உண்டு: அதே கிளார்க் இலங்கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு, 1940இல், லவ்கிராஃப்டின் அந்தார்க்டிக் கதையைக் கேலிசெய்து ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மர்க்கினஸ்’ என்று ஒரு பகடி எழுதியிருக்கிறார். இங்கே கடலில் குதிக்கும்போது கதுல்ஹுவின் ஞாபகம் அவருக்கு வந்திருக்குமோ என்று நான் சிலவேளை யோசிப்பதுண்டு.

சரி, வாரிசுகள் எதை எடுத்துக்கொண்டார்கள்? என் கணிப்பில் ஒன்றே ஒன்றைத்தான்: அறிவுக்கு விலை உண்டு என்பதை. தெரிந்துகொள்ளாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், தெரிந்துகொண்டால் பழைய ஆளாகத் திரும்ப முடியாது. கதையில் அந்த விலையை வேறொருவர் கொடுக்கிறார், நாம் வாசித்துக்கொண்டிருக்கிறோம். விளையாட்டில் நாமே கொடுக்க வேண்டும். அதனால்தான் இந்த வகைக்கு மிகப் பொருத்தமான வடிவம் விளையாட்டு என்று நான் அடித்துச் சொல்வேன். 1981இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கி கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதுல்ஹு’ என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நடத்தும் மேசை விளையாட்டிலேயே இது கணக்காக எழுதப்பட்டுவிட்டது. அதில் ஒவ்வொருவருக்கும் மனத்தெளிவுக்கென்று புள்ளிகள் உண்டு. கதுல்ஹு பற்றிய அறிவு ஏற ஏற, அந்தத் தெளிவின் உச்ச வரம்பு, 99இலிருந்து அந்த அறிவைக் கழித்தால் என்ன வருமோ அதற்கு இறங்கிவிடும். சக்கரவட்டி போல, படித்த பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கடன் தீராது. நூறு பக்கத்தில் லவ்கிராஃப்ட் சொல்ல முயன்றதை ஒரு கழித்தல் கணக்கு சொல்லிவிட்டது!

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்துக்காக ஹிடெடாகா மியாசாகி இயக்கி 2015இல் வந்த ‘பிளட்போர்ன்’ இதையே பார்வையாக மாற்றுகிறது. தொடக்கத்தில் அது மிருகமாகிப்போன மனிதர்களை வேட்டையாடும் விளையாட்டு போலத்தான் தெரியும். ‘இன்சைட்’ என்று ஒரு எண் திரையின் மூலையில் இருக்கும்; விசித்திரமானவற்றைக் காணும்தோறும் அது கூடும். அது 40ஐ எட்டியதும், அதுவரை நூறு தடவை கடந்துபோன அதே தேவாலயத்துச் சுவரில், பல கைகளும் பொந்துகள் நிறைந்த தலையுமாக ஒரு பேருருவம் தொங்கிக்கொண்டிருப்பது தெரிகிறது. அது புதிதாக வந்து ஏறியதல்ல, தொடக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. மருமகன் கட்டுப்படுத்தியைக் கீழே வைத்துவிட்டு, “மாமா, நான் இவ்வளவு நாளும் இதற்குக் கீழேயா நடந்தேன்?” என்று கேட்டான். அந்த எண் கூடக் கூடச் சித்தம் கலங்கும் ஆபத்தும் கூடுகிறது என்பதைப் பிறகுதான் கவனித்தோம். ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த விளையாட்டு நம் வயதுக்காரரின் விரல்களுக்கு ஏற்றதல்ல. மகனை விளையாடவிட்டு நீ பக்கத்தில் இருந்து பார்.

2002இல் நின்டெண்டோவின் கேம்கியூப் விளையாட்டுப் பெட்டிக்கு வந்த ‘எடர்னல் டார்க்னஸ்’ இன்னும் குறும்பானது. மனத்தெளிவு குறைந்தால் தொலைக்காட்சியின் சத்தம் தானாகக் குறைவது போலவும், சேமித்த ஆட்டமெல்லாம் அழிந்துபோவது போலவும் அது விளையாடுபவரையே ஏமாற்றும். அந்த ஆண்டில் நாம் போர்நிறுத்தம் நிலைக்குமா என்று வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தோம், ஆகவே இதெல்லாம் நமக்கு எட்டவே இல்லை. ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ 2010இல் வந்தது, கையில் ஆயுதம் எதுவும் தராது, ஒளிந்துகொள்ள இருட்டு வேண்டும், ஆனால் இருட்டில் நின்றால் மனம் பேதலிக்கும். நல்ல பொறி, ஆனால் ஒருமுறைக்குமேல் போதும்.

என் நெஞ்சுக்கு மிக நெருங்கியது 2023இல் வந்த ‘ட்ரெட்ஜ்’. நியூசிலாந்தின் சிறிய குழுவொன்று செய்த மீன்பிடி விளையாட்டு அது, அதனால்தானோ என்னவோ நம் கரையில் உள்ளவனுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. படகை உடைத்துக்கொண்டு ஒரு தீவுக்கு வந்துசேரும் மீனவனுக்கு ஊர்த்தலைவர் கடனில் ஒரு படகு தருகிறார். மீன் பிடித்து விற்றுக் கடனை அடைக்க வேண்டும். கடன் படகு, குறிப்பிட்ட முதலாளிக்கே மீன் போடுவது, இதிலெல்லாம் கற்பனை என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. பகலில் எல்லாம் சாதாரணம். பொழுது பட்டதும் பனிமூட்டம் இறங்கும், திரையின் மேலே ஒரு கண் திறந்து அங்குமிங்கும் உருளும், பகலில் இல்லாத பாறை படகின் முன்னால் நிற்கும். இடையிடையே வலையில் மூன்று தலையுடைய மீனொன்று வரும். இங்கேதான் அந்த விளையாட்டின் முழுக் கெட்டித்தனமும் இருக்கிறது: மீன் வியாபாரி அந்த மீனைக் கண்டு அலறுவதில்லை, வழக்கமான மீனைவிடக் கூடிய விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார். அதன் பிறகு நீயே அவற்றைத் தேடி இரவில் கடலுக்குப் போகத் தொடங்குவாய். யாரும் வற்புறுத்துவதில்லை. கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதுமே ஆழப் பள்ளத்தாக்கு விழுகின்ற, நீலத் திமிங்கிலம் வந்துபோகின்ற கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இரவு ஓட்டத்தின் கிறுகிறுப்பை விளக்கத் தேவையில்லை.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் படம் எதையாவது காட்டியாக வேண்டும், காட்டிய கணமே அது அளவுக்குள் வந்துவிடுகிறது. 2018இல் வந்த ‘அனிஹிலேஷன்’ படத்தில், செத்துப்போன தோழியின் அலறலைத் தன் தொண்டையில் சுமந்துவரும் கரடி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அதே ஆண்டின் ‘தும்பாட்’ என்ற இந்திப் படத்தை நீ இந்த வரிசையில் சேர்த்திருந்தாய். மழையும் மண்ணும் அபாரமாக அமைந்த படம், ஆனால் அதில் பேராசைக்குத் தண்டனை இருக்கிறது, நீதி இருக்கிறது, ஆகவே அது நம் பாட்டிமார் சொன்ன கதைகளின் சொந்தக்காரன்.

‘தி திங்’ பற்றி நீ எழுதியதோடு முழுதும் உடன்படுகிறேன். ஜான் கார்ப்பென்டர் 1982இல் எடுத்த அந்தப் படத்துக்கு அடிப்படை, ஜான் கேம்பல் 1938இல் எழுதிய கதை. லவ்கிராஃப்டின் அந்தார்க்டிக் கதை அச்சேறிய அதே சஞ்சிகையில் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. கூடியிருப்பவர்களில் யார் மனிதர், யார் மனித வேடம் போட்டது என்று அறிய, எல்லோரையும் கட்டிவைத்து, ஒவ்வொருவரின் இரத்தத்திலும் சூடேற்றிய கம்பியைத் தொட்டுப் பார்க்கும் காட்சியில் உன் மகன் சிரித்தான் என்று எழுதியிருந்தாய். அவனைக் குறை சொல்ல முடியாது. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு இராணுவத்துக்கு ஆள்காட்டிய தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்று, தன்னைக் கண்டதும் அந்தச் சாக்குத் தலை எப்படி அசையப் போகிறது என்று காத்திருந்த தலைமுறை அவனுடையதல்ல. அந்தப் படத்தில் என்னைப் பிடித்து உலுக்கியது ராப் பாட்டின் செய்த பிண்ட உருவங்கள் அல்ல, கட்டுண்டிருக்கும் மனிதன் தன்மீதே சந்தேகம் கொண்டு தன் இரத்தத்தைப் பார்க்கும் அந்தப் பார்வைதான்.

எழுத்தில் ஒன்றை வாசிக்க வேண்டுமென்றால், விக்டர் லாவால் 2016இல் எழுதிய ‘தி பாலட் ஆஃப் பிளாக் டாம்’ குறுநாவலை எடு. லவ்கிராஃப்ட் அருவருத்து எழுதிய அதே ரெட் ஹுக் கதையை, ஒரு கறுப்பின இளைஞனின் பக்கத்திலிருந்து திருப்பிச் சொல்கிறார் இந்தக் கறுப்பின எழுத்தாளர். நூலையும் லவ்கிராஃப்டுக்கே, முரண்பட்ட உணர்வுகளோடு, சமர்ப்பித்திருக்கிறார். பொலிஸ்காரனின் துப்பாக்கிக்கு முன்னால் கதுல்ஹுவின் அலட்சியம் ஒரு பெரிய கொடுமையா என்று அந்த இளைஞன் எண்ணும் இடத்துக்கு வந்ததும் எனக்கு எழுதி அனுப்பு. அதன் பிறகு மூலவரிடம் போவதானால், 1927இல் வந்த ‘தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’ ஒன்று போதும். விண்கல் விழுந்த தோட்டத்தில் கிணறு கெட்டு, பயிர் கெட்டு, குடும்பம் கெடுகிற கதை. எந்த இனத்தையும் இழுக்காமல், அதிகம் அலறாமல் அவர் எழுதிய நல்ல எழுத்து அது.

இனி உன்னிடம் ஒரு வேலை. ஆடியில் நீ வரும்போது பத்துப் பக்கப் பகடைகள் இரண்டு சோடி வாங்கி வா. இங்கே கடைகளில் கேட்டால் தாயக்கட்டையைத்தான் எடுத்துத் தருகிறார்கள். ‘கால் ஆஃப் கதுல்ஹு’ விளையாட்டை நம் ஊரில் வைத்து நடத்த ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்: 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட நாள், சீனன்குடா எண்ணெய்க் குதங்களின் பக்கம் தொடங்குகிறது. மருமகனும் அவனுடைய சினேகிதன் ஒருவனும் தயாராக இருக்கிறார்கள், உன் மகனும் வந்தால் ஆள் சரி. நீ டொக்டராக விளையாடுகிறாயா, துறைமுகத்து எழுதுவினைஞராக விளையாடுகிறாயா என்பதை அடுத்த கடிதத்திலேயே சொல்லிவிடு. அதைப் பொறுத்துத்தான் முதல் காட்சியை எழுத வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்