ஈமுவும் நாற்காலியும்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படிதான் ஆகவில்லை. அதனால் கீழேயே உட்கார்ந்துகொண்டு பழைய பிபிசி பேட்டிகளாகப் பார்க்கிறேன். இப்போது மைக்கேல் பார்கின்சன் பைத்தியம். பிரபலங்களை அவர் பேட்டி எடுக்கும் நிகழ்ச்சி, 1971-ல் தொடங்கியது.

நேற்று பார்த்தது 1976-ல் வந்தது. ராட் ஹல் என்ற நகைச்சுவைக் கலைஞர் ஈமுவோடு வருகிறார். (உடனே பண்ணையில் நீ போட்ட பணத்தை நினைக்காதே. இது பொம்மைப் பறவை!) அது பார்கின்சனைக் கொத்திப் பிடுங்கி, கடைசியில் நாற்காலியிலிருந்து கீழேயே தள்ளிவிடுகிறது. ராட் ஹல் முகத்தில் ஒன்றும் தெரியாத அப்பாவித்தனம். சூட்சுமம் என்ன தெரியுமா? அவருடைய ஒரு கை பறவையின் கழுத்துக்குள் இருக்கிறது. பறவையை அணைத்திருப்பதுபோல வெளியே தெரிவது பொய்க்கை. அதனால் பறவை தானாகவே அடாவடி செய்வதாகத்தான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

அன்றைக்கு இன்னொரு விருந்தினர் பில்லி கனோலி, ஸ்காட்லாந்து நகைச்சுவைக் கலைஞர். ராட் ஹல்லைப் பார்த்து, அந்தப் பறவை என் பக்கம் வந்தால் அதன் கழுத்தை மட்டுமில்லை, உன் கையையும் முறித்துவிடுவேன் என்கிறார். உள்ளே கை இருப்பதை மறக்காத ஒரே ஆள் அவர்தான்போல!

பாவம் பார்கின்சன். முகமது அலியை நான்கு முறை பேட்டி எடுத்தவர். ஆனால் ஜனங்கள் கேட்டதெல்லாம் அந்தப் பறவையைப் பற்றித்தான். 2023-ல் போய்ச் சேரும்வரை அந்தக் குறை அவருக்கு இருந்தது. எனக்கென்னவோ அவர் கேள்விகளைவிடக் காது கொடுத்துக் கேட்ட விதம்தான் பெரிது. ஹாலிவுட் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் வந்தபோது, நிகழ்ச்சிக்கு முன்பே கேள்வித்தாளை வாங்கித் தூக்கிப் போட்டுவிட்டு, சும்மா பேசலாம் என்றாராம்.

அப்புறம் ஒரு வயிற்றெரிச்சல். ஆரம்ப வருடங்களின் பல பேட்டிகள் இப்போது இல்லவே இல்லை. வீடியோ டேப் அன்று விலை அதிகம், அழித்துவிட்டு அதன்மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். உன் அக்கா கல்யாணக் கேசட்டில் நாம் கிரிக்கெட் வர்ணனையைப் பதிந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நாதஸ்வரம் பாதியில் நின்று கவாஸ்கர் அவுட் ஆவார். அந்தக் கேசட் இன்னும் இருந்தால், வரும்போது எடுத்துக்கொண்டு வா. டேப் ரிக்கார்டர் என்னிடம் இருக்கிறது, பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும்.

அன்புடன்,
முரளி